டோக்கன் நம்பர் அறுபத்து நாலு

தில்லியில் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முன்பெல்லாம் மூன்று விஷயங்கள்தான் பேச்சில் வரும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததா, குவார்ட்டர்ஸ் எந்த டைப் அலாட் ஆகியிருக்கிறது, ஊரிலிருந்து வந்தவர்கள் என்ன கொண்டு வந்தார்கள். இப்போது எங்கள் தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது. போன பொங்கல் விழாவில் என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர், மேடையில் குழந்தைகள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது பேசிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். "டோக்கன் கிடைச்சுதா?" "ரெஃபரல் எழுதிக் கொடுத்தாரா?" "ரிப்போர்ட் வந்துட்டுதா?" கோலாட்டம் முடிந்து கைதட்டும்போதும் இது நிற்கவில்லை.

மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், நாமெல்லோரும் சி.ஜி.எச்.எஸ். என்று சொல்வது, 1954-ம் வருஷம் இந்தத் தில்லியில்தான் முதலில் ஆரம்பமாயிற்று. இன்று சென்னை உள்பட ஏறக்குறைய 80 நகரங்களில் இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்துக்காக மாயவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய குடும்பங்களுக்கு இந்த டிஸ்பென்ஸரிதான் ஊர் வைத்தியர் ஸ்தானத்தில் இருந்தது. பிரசவமானாலும் பிள்ளைக்கு மாந்தமானாலும் அங்கேதான் ஓடினோம். பெயரை 'வெல்னெஸ் சென்டர்' என்று மாற்றிப் பல வருஷம் ஆகிறது. யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நானும் டிஸ்பென்ஸரி என்றே எழுதுகிறேன்.

ஓய்வு பெறும்போது பத்து வருடச் சந்தாவை ஒரே தடவையாகக் கட்டிவிட்டால் ஆயுள் பரியந்தம் கார்டு உண்டு. இதற்காகவே ஊர் திரும்பாமல் தில்லியிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். சொந்த ஊருக்குப் போய்விட்டவர்களில் சி.ஜி.எச்.எஸ். இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு, புறநோயாளி வைத்தியத்துக்கென்று மாதம் 1000 ரூபாய் படியாகக் கொடுக்கும் ஏற்பாடு 2017 முதல் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து மாத்திரை வாங்குகிறவர்களைக் கேட்டால் அந்த ஆயிரம் எத்தனை நாள் வருகிறது என்று சொல்வார்கள். ஆகவே நம்மில் பலர் மாத்திரைக்காகத் தில்லிவாசிகள். தமாஷாகச் சொல்லவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எந்த டிஸ்பென்ஸரி, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. தெற்கு தில்லியில் உள்ளவை என்ற அளவில் இருக்கட்டும். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் நம்மைப் போலச் சிக்கிக்கொண்டவர்களே.

என் மாமியாருக்கு வயது 82. திருநெல்வேலிப் பக்கம். மாமா காலமானபின் 1998-ல் எங்களோடு வந்தவர். சுத்த சைவம், முட்டையைக் கையாலும் தொடமாட்டார். இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். 2024 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில், "ஏட்டி, காலு என் காலு மாதிரியே இல்ல. மதமதங்குது" என்றார். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, புண் இல்லை, சூடும் இல்லை. தீபாவளி கழிந்ததும் என் கணவர் அவரை டிஸ்பென்ஸரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே போகிறவர்களுக்கு நடைமுறை தெரியும். காலை ஏழரைக்குத் திறப்பார்கள். ஏழு மணிக்கே வாசலில் வரிசை. ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். செய்தவர்களுக்கு நேரம் குறித்துச் சீட்டு வரும். ஆனால் அதற்கு ஓ.டி.பி. வேண்டும். எங்கள் கார்டில் பதிவாகியிருப்பது பெங்களூரில் இருக்கும் மகனின் நம்பர். அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது இங்கிருந்து அப்பா போன் செய்து "என்னடா, ஆறு இலக்கம் வந்துதா?" என்று கேட்பார். அவன் மெசேஜைத் திறந்து பார்ப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியின் ஓ.டி.பி. கனடாவுக்குப் போகிறது! நம்பரை மாற்றப் படிவம் கொடுத்து, அது மாறி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை நேரில் போய் டோக்கன்தான்.

அன்றைக்குக் கிடைத்த டோக்கன் 64. ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போனார்கள். வெளியே வர நாலு நிமிஷம். டாக்டர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள், கம்ப்யூட்டரில் மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டவேண்டிய வேலையும் அவருடையது. "க்யா தக்லீஃப் ஹை மாதாஜி?" என்று அவர் கேட்க, அத்தை என் கணவரை வாயைத் திறக்க விடாமல் தாமே பதில் சொன்னாராம். தள்ளுவண்டிக் காய்கறிக்காரரோடு பேரம் பேசிக் கற்ற ஹிந்தி அத்தையினுடையது. அதில் வியாதிக்கு இரண்டே சொற்கள்: புகார், தர்த். காய்ச்சல் இல்லை, ஆகவே "பைர் மே தர்த்". டாக்டர் வலி மாத்திரையும் தேய்க்கும் களிம்பும் எழுதி, ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டுக் கொடுத்தார்.

பரிசோதனை என்பது தனி யாத்திரை. எங்கள் டிஸ்பென்ஸரியிலேயே சின்ன ஆய்வுக்கூடம் இருக்கிறது. காலை ஒன்பதரை வரைதான் ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போகவேண்டும். முதல் நாள் போனபோது சர்க்கரைக்கான ரசாயனம் வரவில்லை. இரண்டாம் நாள் ரசாயனம் வந்திருந்தது, ரத்தம் எடுப்பவர் வரவில்லை. மூன்றாம் தடவை எல்லாம் கூடி வந்தது.

இங்கே கொஞ்சம் விலகி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பலருக்கும் உபயோகப்படும். அந்த வரிசையில் ஒரு பெரியவர் திடீரென்று வியர்த்துக் கொட்டிச் சரிந்து உட்கார்ந்தார். காலையில் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரத்தம் கொடுக்கவேண்டுமே என்று ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். யாரோ பையிலிருந்த குளுக்கோஸ் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார்கள், பத்து நிமிஷத்தில் தெளிந்தார். வெறும் வயிற்றுப் பரிசோதனை நாளில் மாத்திரையை எப்போது போடுவது, இன்சுலினை எப்போது போடுவது என்று முதலிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அது மட்டும் எழுதியிருந்தும் பட்டினியாக நின்றவர்களை அந்த வரிசையில் நான் பார்த்திருக்கிறேன்.

அத்தையின் ரிப்போர்ட் டிசம்பர் முதல் வாரம் கைக்கு வந்தது. ஹெச்.பி.ஏ.1.சி. 6.9. அந்த வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார்கள். அதே தாளில் ரத்த அணுக்களின் கணக்கும் இருந்தது. அதில் எம்.சி.வி. என்ற வரியில் 106 என்று போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன் அது. 80-லிருந்து 100-க்குள் இருக்கவேண்டும். அன்று வேறு டாக்டர் இருந்தார். நம் டாக்டர் விடுப்பு. அவர் சர்க்கரையைப் பார்த்தார், "வெரி குட்" என்றார், "நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் இப்படித்தான் இருக்கும்" என்று வலி மாத்திரையை நீட்டித்தார். அம்புக்குறி அப்படியே தாளில் இருந்தது.

ஜனவரியில் நம் டாக்டர் திரும்பி வந்தார். அத்தை தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, பெரிய அரசு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதினார். அங்கே முதல் தேதி கிடைத்தது மார்ச் முதல் வாரத்தில். ஏழு வாரம்! தில்லி ஜனவரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் தெரியாத பனிமூட்டம், கம்பளிக் குல்லாயும் ஷாலுமாக அத்தை ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். "சூடு படுதா அத்தை?" என்றால், "படுதான்னு தெரியலட்டி" என்பார். அதைக் கேட்டபின் ஹீட்டரை நாலடி தள்ளி வைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, வாஷ்பேசின் முன் நின்று முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். தரை வழுக்கவில்லை. காய்ந்துதான் இருந்தது. மணிக்கட்டு வீங்கிற்று, நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. "கண்ண மூடினேன், தரையக் காணோம்" என்றார் அத்தை. இதற்கு என்ன அர்த்தம் என்று அன்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

மார்ச்சில் குறித்த தேதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சக்கர நாற்காலிக்கு ஒரு மணி நேரம், கவுண்டரில் ஒன்றரை மணி நேரம். கடைசியில் டாக்டர் அன்று மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த தேதி ஏப்ரல் கடைசி. என் கணவர் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் கோப்புப் பார்த்தவர். "முறைப்படி போனால் முறைப்படி நடக்கும்" என்பது அவர் வேதம். அன்று வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது ஒன்றுமே பேசவில்லை.

எழுபது வயது கடந்த சி.ஜி.எச்.எஸ். கார்டுதாரர்கள், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளின் சிறப்பு மருத்துவர்களைப் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே புறநோயாளியாகப் பார்க்கலாம். முன்பு இது 75 வயதானவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024 ஜூனில் 70 ஆகக் குறைத்தார்கள். நடக்கிற தூரத்தில் நம் டாக்டர் இருக்கும்போது பதினாலு கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ போகவேண்டுமா என்று அத்தை அதுவரை சம்மதிக்கவில்லை. விழுந்தபிறகு சம்மதித்தார். அந்தச் சுற்றறிக்கையை மகனிடம் சொல்லி அச்சடித்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நல்லதாயிற்று. கவுண்டரில் இருந்த பெண், "ரெஃபரல் இல்லாமல் கார்டு கணக்கில் பார்க்கமுடியாது" என்றாள். சுற்றறிக்கையை நீட்டினேன். அவள் மேலதிகாரியிடம் கொண்டுபோனாள், அவர் இன்னொருவருக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் கழித்துச் சீட்டு வந்தது. காகிதம் இல்லாமல் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்குத்தான் திரும்பியிருப்போம்.

உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண், மலையாளி. அத்தை தம் ஹிந்தியை ஆரம்பிக்குமுன், "தமிழிலேயே சொல்லுங்க, கொஞ்சம் மனசிலாகும்" என்றாள். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினார். "வலியே இல்லம்மா. பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு." அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மலையாளத்தில் பஞ்சைப் பஞ்ஞி என்பார்கள், அவளுக்கு நேரே போய்ச் சேர்ந்தது. எழுந்து வந்து அத்தையை இரண்டு காலையும் சேர்த்து நிற்கச் சொன்னாள். நின்றார். "கண்ணை மூடுங்க, நான் பிடிச்சுக்கறேன்." மூடினார். அந்த க்ஷணமே ஆடிச் சாய்ந்தார். பிறகு இசைக்கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டு, கால் கட்டைவிரலிலும் கணுக்காலிலும் வைத்து, "தெரியுதா?" என்று கேட்டாள். முழங்காலுக்கு வந்தபோதுதான் அத்தை "ஆமா" என்றார்.

பிறகு பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். டிசம்பர் தாளில் அந்த அம்புக்குறியின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். "பி-12 பார்த்திருக்கீங்களா?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் காலில் தரை எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்பு வழிகள் முதுகுத்தண்டின் பின்பக்கமாகப் போகின்றன. பி-12 சத்துக் குறைந்தால் அவற்றின் மேலுறை கெட்டுப்போகும். கண் திறந்திருக்கும்வரை கண் அந்த வேலையைச் செய்துவிடும். இருட்டில் நடந்தாலோ, சோப்புக்காகக் கண்ணை மூடினாலோ விழுந்துவிடுவார்கள். செடிகொடிகளில் விளையும் எதிலும் பி-12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் இவற்றில்தான் உண்டு. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும் மட்டுமே வழி. வயதாக ஆக அதையும் உடம்பு சரியாகக் கிரகித்துக்கொள்வதில்லை. இதற்கு மேல் மெட்ஃபார்மினை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 குறையக்கூடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதைப் பற்றி டாக்டர்களுக்கு எச்சரிக்கையே அனுப்பியிருக்கிறது. வயிற்று எரிச்சலுக்குத் தினம் போடும் அமிலக் குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டாலும் அப்படியே. கல்லீரலில் சில வருஷத்துக்கான சேமிப்பு இருப்பதால் சட்டென்று தெரியாது. சேமிப்புத் தீர்ந்தபிறகு தெரியும்போது நரம்பு பாதி கெட்டிருக்கும். சர்க்கரையாலும் கால் மரக்கும் என்பதால், சர்க்கரைக்காரர்களிடம் இதைப் பிரித்து அறிவது கஷ்டமாம். நம் வீடுகளில் எத்தனை பேர் மோர்சாதமும் மெட்ஃபார்மினுமாக இருக்கிறோம், எண்ணிப் பாருங்கள்.

பரிசோதனைக்குக் கீழே போனோம். கார்டு கணக்கில் பில் போடும் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள். நாளையாவது, மறுநாளாவது! வரும் வழியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் கைக்காசு சுமார் 900 ரூபாய் கொடுத்து ரத்தம் கொடுத்தோம். அன்று ராத்திரி எட்டு மணிக்கு மகனின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. (ஓ.டி.பி.யைப் போல் இது காலாவதி ஆகவில்லை.) 118. குறைந்தபட்சம் 200 இருக்கவேண்டும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை அலைந்த அலைச்சலுக்கு விடை ஒரு சின்னக் குழாய் ரத்தத்தில் இருந்தது.

ஊசி ஆரம்பித்தார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. டிஸ்பென்ஸரியில் அந்த ஊசி கையிருப்பில் இல்லாதபோது, பட்டியலில் உள்ள மருந்துக் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். அதற்குள் 2025 ஏப்ரல் 28-ம் தேதி திட்டம் முழுவதற்கும் புதிய கம்ப்யூட்டர் முறை வந்தது. அதற்காக 26-ம் தேதி சனிக்கிழமை எல்லா டிஸ்பென்ஸரிகளையும் மூடியிருந்தார்கள். முதல் சில வாரங்கள் எங்கள் டிஸ்பென்ஸரியில் பழைய மருந்துக் கணக்கு ஒன்றும் திரையில் தெரியவில்லை. வரிசை வெளி கேட் வரை வந்துவிட்டது. அங்கே மருந்து கொடுக்கும் ஹரியானாக்காரர் ஒருவர், "மாதாஜியின் ஊசி தவறக்கூடாது" என்று தம் நோட்டிலே தேதி குறித்துவைத்து எங்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த மனிதருக்கு அத்தை தம் கையால் செய்த எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் போயிருக்கிறது.

நம் டாக்டரிடமும் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் டிசம்பர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் லீவில் இல்லாமல் இருந்திருந்தாலும் பார்த்திருப்பேனா என்று சொல்லமுடியாது" என்றார் ஹிந்தியில். அதன்பின் மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவ நோயாளிகளுக்கெல்லாம் அவர் பி-12 எழுதுகிறார் என்று வரிசையில் பேசிக்கொள்கிறார்கள்.

அத்தை இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். மதமதப்பு முழங்காலிலிருந்து இறங்கிக் கணுக்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே திரும்பி வராது என்று அந்த மலையாளிப் பெண் பக்குவமாகச் சொன்னாள். இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வந்திருக்குமோ என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மலை மந்திரில் முருகனைப் பார்க்கப் படியேறுவதை அத்தை விட்டுவிட்டார். கீழே நின்று கும்பிடுகிறார்.

இத்தனையும் கார்டு உள்ளவர்களின் கதை. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்த அம்மாள் ஜங்புரா மதராஸி கேம்பில் குடியிருந்தவர். விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். 2025 ஜூன் 1-ம் தேதி அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி நரேலாவில் இடம் கொடுத்தார்கள். இந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரைக்காக ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தார். காலை நாலரை மணிக்குப் போய் வரிசையில் செருப்பை வைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மறுபடி ஓடுவார். இப்போது நரேலாவிலிருந்து அங்கே வர இரண்டு பஸ். போன மாதம் போனில் பேசினார். மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகிறதாம், "அங்க வந்தா ஒருநாள் கூலி போயிடும்மா" என்றார். எங்கள் சங்கத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம், நல்ல காரியம். அடுத்ததை நரேலாவில் நடத்தலாமே என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், சொல்லாமல் விட மனமில்லை. வயதான பெற்றோரை இங்கே அழைத்து வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் எல்லாம் இது உண்டு. நம்மிடம் வலி, குத்தல், குடைச்சல், இழுப்பு, உளைச்சல், கடுப்பு என்று எத்தனை இருந்தாலும் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் தர்த் ஆகிவிடுகிறது. மரத்துப்போவதற்கு 'சுன்ன்' என்றும், ஊசி ஊசியாய்க் குத்துவதற்கு 'ஜுன்ஜுனி' என்றும் ஹிந்தியில் இருக்கின்றன. எரிச்சலுக்கு 'ஜலன்'. இந்த மூன்று சொல்லையும் அத்தைக்கு இப்போது சொல்லிக் கொடுத்துவிட்டேன். நெஞ்சுப் படபடப்பைக் 'கப்ராஹட்' என்றால் ஜாக்கிரதை, அதற்கு மனக்கலக்கம் என்றும் பொருள். எங்கள் சிநேகிதி ஒருத்தியின் தகப்பனாருக்கு அப்படிச் சொல்லி, தைரியமாக இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், மறுவாரம் இ.சி.ஜி. எடுத்தபோதுதான் இதயத்துடிப்பு தாளம் தப்பியிருப்பது தெரிந்தது. தலை சுற்றுவதற்கு 'சக்கர்'. இதையும் நாம் தமிழில் மயக்கம் என்றுதான் சொல்கிறோம். பத்தாம் வகுப்புப் பேரன் ஒருவன் பாட்டியின் "மயக்கமா வருது" என்பதைப் 'பேஹோஷ்' என்று மொழிபெயர்த்ததில், நடந்து வந்த பாட்டியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்! அந்த ஒருநாள் மட்டும் அவருக்கு டோக்கன் இல்லாமல் டாக்டர் கிடைத்தார்.

வீட்டில் இப்போது அத்தைக்கு ஒரு ஃபைல் இருக்கிறது. மேல் தாளில் அவர் வயது, என்னென்ன மாத்திரை எத்தனை வருஷமாக, எதெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று கொட்டை எழுத்தில். அடுத்து ரிப்போர்ட்டுகள், புதியது மேலே. அம்புக்குறி உள்ள இடத்திலெல்லாம் என் கணவர் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுகிறார். டாக்டர் பார்க்கிறாரோ இல்லையோ, "இது என்ன சார்?" என்று இவர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நாலு நிமிஷம் ஆறு நிமிஷமாகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். கடைசியில் அந்த எழுபது வயதுச் சுற்றறிக்கையின் நகல். வேண்டுகிறவர்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தில் கேட்டால் போதும்.

மேலே சொன்ன சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழ் எழுத்திலேயே ஹிந்தி. இதுவரை நாற்பத்தொரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொற்களையும், தஞ்சாவூர், கோயமுத்தூர், நாகர்கோவில் எந்த ஊர்ச் சொல்லானாலும், அதற்கு டாக்டருக்குப் புரிந்த ஹிந்திச் சொல்லையும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழுக்குள் அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்துவிடலாம். முக்கியமாக 'குடைச்சல்' என்பதற்கும் 'சூடு பிடித்துக்கொண்டது' என்பதற்கும் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. இரண்டாவதை நம் டாக்டரிடம் நேரடியாக மொழிபெயர்த்துச் சொன்னேன், தெர்மாமீட்டரை எடுத்துவிட்டார்.